செசிலியின் பழகல் சான்றிதழ்

13 ஜூலை 1964, திங்கள்.
பிழை: படிவம் ஒன்பதில் ஓர் எட்டுக்காலியைக் குடும்ப உறுப்பினர் என்று எழுதிவிட்டேன்.
நாளைய வேலை: அதைத் திருத்துவது.

மாட்டுங்காவில் மாலை வகுப்பு நடத்தும் சுயம்பு வாத்தியார், சேர்ந்த எல்லாரையும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார். தேதி, அன்றைய பிழை, மறுநாள் வேலை. அதற்கு மேல் ஒரு வரி கூடாது. முப்பது பேரும் தலையாட்டினார்கள். எழுதியவன் பிரம்மநாயகம் ஒருவன்தான். பிழையில்லாத நாள் என்று ஒன்று வந்துவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. எங்கேயோ செய்துவிட்டுக் கவனிக்காமல் வந்திருக்கிறோம் என்றுதான் தோன்றும்.

பகலில் அவனுக்குச் செம்பூரில், தற்காலிகக் குடியமர்த்தல் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அதுவும் தற்காலிகம். மூன்று மாதத்துக்கு என்று எடுத்தார்கள், நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் குமாஸ்தா பதவிக்கு மேலிடத்தில் அனுமதி வாங்கியபோது அதில் அமிர்தநாதன் என்று ஒருவர் இருந்தார். அவர் காசநோயில் போய்விட்டார். அனுமதி அவர் பேரில் இருந்ததால் பிரம்மநாயகம் தினமும் காலையில் அமிர்தநாதன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவான். மேலதிகாரியும் அவனை அமிர்தநாதன் என்றே கூப்பிடுவார். அவன் சொந்தப் பெயர் அந்த நாட்குறிப்பின் அட்டையில் மட்டும்தான் எழுதியிருந்தது.

அந்த அலுவலகத்தில் படிவம் எழுதும்போது தலை நிமிரக் கூடாது. முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் படிவத்துக்கு நாலு நிமிஷம் என்பது ஆறு நிமிஷமாகும் என்று எப்போதோ ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. பிரம்மநாயகம் விதியை மீறாதவன். அதனால் வந்த வினைதான் செசிலி.

தாராவியில் சால் என்கிற மூன்று மாடி ஒண்டுக்குடித்தனக் கட்டடம் ஒன்று மழையில் இடிந்து, அதிலிருந்தவர்களை லாரியில் ஏற்றி அலுவலகத்தை ஒட்டிய முகாமுக்குக் கொண்டுவந்த நாள் அது. வரிசையில் பதினேழாவதாக ஒரு பெண் குரல் வந்தது.

"பேரு?"

"ரோசம்மா."

"வீட்டுக்காரர்?"

"மரக்கடையில வேல பாத்தாவ. போயி நாலு வருசமாச்சி."

"கூட யாரு?"

"செசிலி மட்டுந்தான் தம்பி."

"வயசு?"

"ஒம்போது இருக்கும்."

"உறவு?"

"வளக்கேன்."

"நடத்தை?"

"சத்தமே போடமாட்டா. ஒரு மூலயப் பாத்துக் கெடப்பா."

அவன் 'சாது' என்று எழுதினான். முத்திரையைக் குத்தினான். அங்கே முதலில் முத்திரை, பிறகுதான் கைநாட்டு. "செசிலியை வரச் சொல்லுங்க" என்றான். மேஜையில் மிட்டாய்க் கடைக் கண்ணாடி ஜாடி ஒன்று வந்து உட்கார்ந்தது. அதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எட்டுக்காலி. சாம்பல் நிறத்தில் உடம்பெல்லாம் மயிர், கால் மடிப்புகளில் மஞ்சள். அவன் தலை நிமிர்ந்தான். நாலு வருஷத்தில் முதல் முறை.

ரோசம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நனைந்த சேலை, காலில் செருப்பில்லை. "கார்வார்லேந்து வந்த தேக்குத் தடியில பொந்துக்குள்ள இருந்திச்சாம். அவிய சட்டப் பையில போட்டுக் கொண்டாந்தாவ. ஒண்ணுஞ் செய்யாது தம்பி, பயப்படாதீங்க" என்றாள்.

பின்னால் நூற்றுச் சொச்சம் பேர் நின்றார்கள். கட்டம் எதுவும் காலியாக இருக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. பிரம்மநாயகம் தன் இடது பெருவிரலை மையில் தோய்த்து, செசிலிக்காக வைத்தான்.

மறுநாள் திருத்துவதற்குப் போனான். துணை அதிகாரி வெங்கடேஸ்வரன் மாட்டுங்காக்காரர். மூன்று தலைமுறையாகப் பம்பாயில் ஆபீஸ் உத்தியோகம். ஃபைலிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசுவார்.

"சார், ஒரு திருத்தம். அறை நாற்பத்தேழு. செசிலின்னு எழுதினது..."

"திருத்தப் படிவத்துல சம்பந்தப்பட்டவா ஒப்பம் வேணும் ஓய். நான் குடும்ப உறுப்பினர் இல்லேன்னு செசிலியே வந்து எழுதிக் கொடுக்கட்டும்."

"அவளுக்கு எழுத வராது சார்."

"கைநாட்டு இருக்கே, தெளிவா?"

பிரம்மநாயகம் தன் பெருவிரலைப் பார்த்தான். மை இன்னும் போகவில்லை.

"செசிலி இல்லேன்னா அந்தம்மா தனி ஆள்" என்று வெங்கடேஸ்வரன் தொடர்ந்தார். "தனி ஆளுக்கு ரூம் கெடையாது, பொதுக் கொட்டகைதான். ரெண்டு பேராவது இருந்தாத்தான் குடும்பம். அதோட, ஆறு வாரத்துல எல்லாரும் இந்த முகாமுக்குப் பழகியாகணும். ஆகஸ்ட் இருபத்துநாலு பரீட்சை. பழகினவாளுக்குச் சான்றிதழ். குடும்பத்துல ஒருத்தர் பழகலேன்னாலும் மொத்தக் குடும்பத்தையும் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பிடுவோம்."

"பழைய இடம் இடிஞ்சு போச்சே சார்."

"அது வேற டிபார்ட்மென்ட்."

பொதுக் கொட்டகை என்பது சண்டைக் காலத்தில் ராணுவம் விட்டுப்போன நீளமான தகரக் கூடம். அறுபது கயிற்றுக் கட்டில், அறுபது ஆள். அங்கே ஜாடி போனால் அன்றைக்கே யாராவது செருப்பால் அடித்துவிடுவார்கள். பிரம்மநாயகம் படிவத்தை மறுபடி ஃபைலில் வைத்தான். அன்றைய பிழை: 'திருத்தவில்லை.' எழுதிவிட்டு, இது பிழைதானா என்று வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரமே அவன் நாற்பத்தேழாம் அறைக்குப் போனான். சாக்குத் தடுப்பு, தகரக் கூரை, பத்துக்குப் பத்து. சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு காக்கிச் சட்டை.

"இது யாரோடது?"

"பூலோகத்தோடது" என்றாள் பக்கத்து அறை நஜ்முன்னிசா. மேலப்பாளையத்துக்காரி. ரெண்டு மாதத்துக்கு என்று வந்தவள், அந்த ரெண்டு மாதத்தில் அவள் மகள் இங்கேயே பிறந்து எட்டாவது படிக்கிறாள். "மில்லு வாச்மேன். அறுவதாம் வருசத்துல மௌத்தாப் போனாரு. வெளியேறும் படிவத்துல வெளியேறுதவுக கையெழுத்துப் போடணுமாம்லா. அவரு போடல. அதனால இன்னும் இங்கதான் இருக்காரு. சட்ட அவரு சொத்து, எடுக்கக் கூடாதாம்."

"அப்ப ஞாயித்துக்கிழமை ஆஜர் எடுக்கும்போது?"

"நாந்தான் சொல்லுதேன். பதில் இல்லேன்னா அறைக்கு சீல் வச்சிருவாக. இந்த வரிசையில மூணு மௌத்துக்கு நான் ஹாஜர் சொல்லுதேன் தம்பி. எனக்குச் சொல்லத்தான் ஆளக் காணோம்."

அந்த முகாமில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் பதிவாகியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெங்கடேஸ்வரன் குடைக்குக் கீழே குனிந்தபடி பெயர்களை வாசிப்பார். நானூற்றுப் பன்னிரண்டு ஹாஜர் வரும். நின்றுகொண்டிருப்பவர்களை எண்ணிப் பார்க்கும் வேலை பிரம்மநாயகத்துக்குக் கொடுக்கப்படவில்லை. ஒருமுறை எண்ணினான். முந்நூற்று நாற்பதோடு நிறுத்திக்கொண்டான். ஆள் முடிந்துவிட்டது, குரல் முடியவில்லை.

செசிலி பழகவில்லை. கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். நடந்து ஓய்ந்தால் எட்டுக் காலையும் உடம்போடு இழுத்து, சட்டை தொங்கும் சுவர்ப் பக்கமாக ஒட்டிக்கொண்டு கிடந்தாள். ரோசம்மா போட்ட கரப்பான் பூச்சி அவள் முதுகின் மேலேயே ஏறி நடந்தது. தொடவில்லை.

"அங்கன எங்க வீட்டு உத்தரத்துல மாதா படத்துக்குப் பின்னால கெடப்பா. சாயங்காலம் எறங்கி வருவா. ஜாடியில அடச்சு வச்சதே இந்த லாரியில ஏறுததுக்குத்தான்" என்றாள் ரோசம்மா. "இங்க ரயிலு போவையில பூமியே அதிருது. அவளுக்குக் காது காலுல இருக்கு பாத்துக்கிடுங்க."

பிரம்மநாயகம் முறையாக ஆரம்பித்தான். முதலில் ஜாடிக்குக் கறுப்புத் துணி. ரெண்டு நாள் பார்த்தான், மாற்றமில்லை. பிறகு ரயில் அதிர்ச்சி ஏறாமல் ஜாடிக்கு அடியில் நாலாய் மடித்த சாக்கு. நடை குறைந்தது, சாப்பாடு இல்லை. மூடியில் நனைத்த பஞ்சு வைத்தான். ஒரு சனிக்கிழமை இடிபாட்டுக்கே போய், முனிசிபல் ஆட்கள் விரட்ட விரட்ட, மாதா படம் தொங்கிய உத்தரத்தில் சாண் நீளத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, கிங்ஸ் சர்க்கிளிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான். அதை உள்ளே வைத்தபோது செசிலி ஒரு காலை மட்டும் நீட்டி, மரத்தைத் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சிக்கிட்டா" என்று ரோசம்மா அழுதாள். ஆனால் சாப்பாடு இல்லை.

வியாழக்கிழமைதோறும் பழகல் வகுப்பு உண்டு. மழையில் எல்லாரும் நிற்க, வெங்கடேஸ்வரன் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வாசிப்பார்.

"தற்காலிகம்னா என்ன? மனுஷ ஜன்மமே தற்காலிகம். நான் நாற்பத்தெட்டுல தற்காலிகமா இந்த நாற்காலில உக்காந்தேன். புகார் சொன்னேனா? கூரை ஒழுகறதுங்கறேள். வெளியில பெய்யறதும் ஜலம், உள்ளே ஒழுகறதும் அதே ஜலம். ஜலத்துக்கே தெரியல எது உள்ளே எது வெளியேன்னு. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியறது? பழகினவனுக்கு அடையாளம் மூணு. கேக்க மாட்டான். நகர மாட்டான். இருக்கானான்னு தேடினாத்தான் தெரியும்."

"அப்படிப்பட்டவுக எங்க வரிசையில மூணு பேரு இருக்காக சார்" என்றாள் நஜ்முன்னிசா.

"வெரி குட். அவாளைப் பாத்துக் கத்துக்கோங்கோ."

ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு நஜ்முன்னிசாவுக்குக் காய்ச்சல். வெளியே வரவில்லை. வெங்கடேஸ்வரன் நாற்பத்தாறு வரை வந்துவிட்டார். பிரம்மநாயகம் தானே சொல்லிவிடலாமா என்று நினைத்தான். ஆனால் அவன் ஏற்கெனவே ஒரு செத்தவருக்குப் பதிலாக வேலை பார்க்கிறவன். ரெண்டாவது ஒருவரையும் தாங்க முடியுமா என்று சந்தேகமாக இருந்தது.

"நாற்பத்தேழு. ரோசம்மா."

"ஹாஜர்."

"செசிலி."

"ஹாஜர்" என்றாள் ரோசம்மாவே, குரலைச் சிறிதாக்கி.

"பூலோகம்."

மழை மட்டும் கேட்டது. பிறகு நாற்பத்தேழாம் அறையின் சாக்குக்குப் பின்னாலிருந்து, தொண்டையில் சளி கட்டிய ஓர் ஆண் குரல், "ஹாஜர்" என்றது.

வெங்கடேஸ்வரன் குறியிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். ரோசம்மா பிரம்மநாயகத்தின் பக்கத்தில்தான் நின்றாள். வாய் மூடியிருந்தது. ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அறைக்குள் போய்ப் பார்த்தபோது யாருமில்லை. சட்டை ஆணியில் இருந்தது. ஜாடியின் மூடி திறந்திருந்தது.

"நாந்தான் தெறந்து வச்சேன்" என்றாள் ரோசம்மா. "அடச்சு வச்சா எந்தச் சீவனுக்குத் தம்பி பழகும்?"

செசிலி சுவரில் ஏறிக்கொண்டிருந்தாள், அவசரமில்லாமல், ஒவ்வொரு காலாக. ஆணிவரை போய், சட்டையின் இடது கையைத் தொட்டுப் பார்த்து, உள்ளே போய்விட்டாள். கை லேசாக உப்பியது, யாரோ தோளை நுழைக்கிறது போல.

"நல்ல மனுசன்" என்றாள் ரோசம்மா சட்டையைப் பார்த்து. "எடம் குடுத்துட்டாவ."

அன்றைய பிழை: 'குரல் யாருடையது என்று விசாரிக்கவில்லை.' அடுத்த நாளும் அவன் விசாரிக்கவில்லை. அதையும் எழுதினான்.

பதினைந்து நாள் செசிலி சட்டைக் கையை விட்டு வரவில்லை. கையின் வாயை வெள்ளை வலையால் அடைத்துக்கொண்டாள். ஆகஸ்ட் இருபத்துநாலு, பரீட்சை நாள் காலை, பிரம்மநாயகம் வரும்போது ரோசம்மா தரையில் உட்கார்ந்து தலையில் கைவைத்திருந்தாள். முன்னால் செசிலி கிடந்தாள், எட்டுக் காலும் விறைத்து.

"போயிட்டா தம்பி. அவிய கொண்டாந்த ஒண்ணும் போயிட்டு."

அவன் குனிந்து விரலால் தொட்டான். காகிதம் போலக் கனமில்லாமல் நகர்ந்தது. முதுகு பிளந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அவன் சட்டைக் கையை அண்ணாந்து பார்த்தான். வலை கிழிந்த இடத்தில், பால் போல வெளுத்து, முன்னைவிடப் பெரியதாக இரண்டு கால்கள் தெரிந்தன. மெதுவாக அசைந்தன.

"அக்கா, மேல பாருங்க. தோலைத்தான் கழட்டிப் போட்டிருக்கா."

ரோசம்மா பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "மூணு வருசத்துக்கு முன்னயும் இப்படித்தான் பண்ணா. மறந்தே போயிட்டேன் பாருங்க. பத்துப் பன்னெண்டு நாளைக்கு ஒடம்பு வெண்ண மாதிரி இருக்கும். தொட்டாலே போச்சி. இப்பப்போயி யாராவது அசச்சா..."

வெளியே "பழகல் பரீட்சை!" என்று பியூன் கத்தினான். பிரம்மநாயகம் தோலை எடுத்து ஜாடியில், உத்தரத் துண்டின்மேல் நிற்கவைத்தான். கால்களைச் சரியாக விரித்து வைக்க அவனுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது.

வெங்கடேஸ்வரன் நாற்காலியோடு வந்தார். உட்கார்ந்து, குனிந்து, படிவம் பதினாலைப் பிரித்தார்.

"ரோசம்மா. குறை ஏதாவது?"

"கூர ஒழுகுது சார்."

"பழகலை" என்று எழுதினார். "பூலோகம்?"

சட்டைக் கை அசைந்தது. ஆணி ஒருமுறை கிறீச்சிட்டது. "சரி சரி, இருக்கார். இவர் பழையவர், பரீட்சை வேண்டாம். செசிலி?"

பிரம்மநாயகம் ஜாடியை முன்னால் வைத்தான்.

"சாப்பாட்டுல குறை?"

"சாப்பிடறதே இல்ல சார்."

"இட வசதி?"

"அசையறதில்ல சார்."

"புகார்?"

"இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்ல."

வெங்கடேஸ்வரனின் பேனா நின்றது. மெல்லத் தலை நிமிர்ந்தார். வாசலில் கூடியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் முகத்தைப் பலர் அன்றுதான் முழுதாகப் பார்த்தார்கள். கண்ணாடி போட்ட, களைத்துப்போன, சாதாரண முகம். ஜாடியை வெகுநேரம் பார்த்தார்.

"இதுதான் செசிலியா?"

"ஆமா சார்."

"இவ்வளவு எடம்தான் எடுத்துக்கறாளா?"

"ஆமா சார்."

அவர் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "எல்லாரும் வந்து பாருங்கோ! ஒரு ஜாடி. ஒரே ஒரு ஜாடிக்குள்ள ஆறு வாரமா இருக்கா. சோறு கேக்கலை, ஜலம் கேக்கலை. நீங்க என்னடான்னா பத்துக்குப் பத்து போறலேங்கறேள். பதினாறு வருஷமா நான் வகுப்பு எடுக்கறேன். இன்னிக்குத்தான் ஒருத்தி புரிஞ்சுண்டிருக்கா. பாருங்கோ, உள்ளே ஒண்ணுமே இல்லாத மாதிரி என்ன ஒரு நிம்மதி!"

யாரும் சிரிக்கவில்லை. நஜ்முன்னிசா மட்டும் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு தன் அறைக்குள் போனாள். செசிலிக்கு முதல் வகுப்பில் பழகல் சான்றிதழ் வழங்கப்பட்டது.

அதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். மறுநாள் சாயங்காலம் ஆபீஸில் வெங்கடேஸ்வரன் இன்னொரு தாளை நீட்டினார். "ஓய் அமிர்தநாதன், மாற்றல் உத்தரவு எழுதும். முலுண்ட்ல புது முகாம். இன்னும் கூரை போடலை. பழகினவா எங்கேயும் பழகுவா, இல்லையா? திருப்பி அனுப்பறதை மேலே நிறுத்திட்டா, இங்கே எடத்தைப் பழகாதவாளுக்குக் கொடுக்கணுமாம். செசிலியையும் குடும்பத்தையும் புதன்கிழமை லாரில ஏத்தும். ரூமைக் காலி பண்ணி, அந்தச் சட்டையையும் உதறி மடிச்சு அனுப்பும். எத்தனை நாள்தான் தொங்கும்?"

பிரம்மநாயகம் தன் மேஜைக்கு வந்தான். படிவம் இருபத்திரண்டை எடுத்தான். உதறி மடித்து என்ற சொல் காதிலேயே நின்றது. ஜன்னலுக்கு வெளியே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் தீ மழை இருட்டில் எரிந்துகொண்டிருந்தது. அவன் எழுந்து, குடையில்லாமல், நாற்பத்தேழாம் அறைக்குப் போனான்.

"அக்கா, செசிலியை மட்டும் மாத்தினா நீங்க தனி ஆள். கொட்டகைக்குப் போகணும். நீங்க இங்கேயே இருக்கணும்னா இந்த அறையில உங்களுக்கு ஒரு உறவு வேணும்."

ரோசம்மா சட்டையைப் பார்த்தாள். "நாலு வருசமா தனியா நிக்காவ. செத்தவருக்கும் ஒரு ஆளு வேணும்லா தம்பி. அண்ணன்னு எழுதுங்க."

அவன் திரும்பிப்போய், முதன்முதலாகத் தெரிந்தே, நிதானமாக, நல்ல கையெழுத்தில் எழுதினான். 'செசிலி: மாற்றம், முலுண்ட். ரோசம்மா: பூலோகத்தின் தங்கை, பழகவில்லை, அறை 47-இல் நீடிப்பார். சட்டை: உபயோகத்தில் உள்ளது.' கண்டுபிடித்தால் அமிர்தநாதனுக்கு வேலை போகும்.

வெங்கடேஸ்வரன் குனிந்தபடி படித்தார். பேனா பூலோகம் என்ற இடத்தில் நின்றது.

"இந்தப் பூலோகம் உயிரோட இருக்காரா ஓய்?"

"ஞாயித்துக்கிழமைதோறும் ஹாஜர் சொல்றார் சார்."

"அப்போ சரி" என்று ஒப்பமிட்டார்.

25 ஆகஸ்ட் 1964, செவ்வாய்.
பிழை: இறந்தவருக்கு ஒரு தங்கையை எழுதினேன். திருத்தப்போவதில்லை.
நாளைய வேலை: லாரி வேண்டாம், குலுங்கும். காலை முதல் வண்டியில் ஜாடியோடு குர்லா போய் மாறி முலுண்ட். ஜாடியை மடியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். தோலின் கால் ஒன்றும் முறியக் கூடாது. அங்கே பெயர் கூப்பிடும்போது செசிலிக்கு ஹாஜர் சொல்ல வேண்டும்.